ஓட்டுச் சில்லின் முறை

பிப்ரவரி 5, திங்கள்

மிக்ஜாம் புயல் தண்ணீர் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் ஏறி இறங்கின கையோடு, வெளியூர் பஸ்ஸையெல்லாம் கோயம்பேட்டிலிருந்து கிளப்பிக் கிளாம்பாக்கத்துக்கு அனுப்பினார்களே, சனங்கள் மூட்டையும் கையுமாக நடுரோட்டில் நின்று திட்டினார்களே, அந்த வருடம் இது. எண் போட்டுச் சொல்ல சுகந்தியம்மாவுக்குத் தெரியும். எனக்கு வருடங்களை இப்படித்தான் தெரியும்.

எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். போனில் பேசுகிறேன், சுகந்தியம்மா எழுதிக்கொள்கிறார். என் பேச்சை நல்ல தமிழில் போடுவாராம். அடுத்தவர் பேசினதை மட்டும் பேசினபடியே விடுவாராம். செய்யட்டும்.

அவர் ஒரு கம்பெனியிலிருந்து வந்தவர். பஸ், மின்சார ரயில், மெட்ரோ, ஷேர் ஆட்டோ எல்லாவற்றையும் பூப்போல ஒன்றாகக் கோத்து, நம் வாசலிலிருந்து போகிற வாசல் வரைக்கும் வழி சொல்லும் செயலி ஒன்று செய்திருக்கிறார்களாம். படிக்காத கிழடுகளுக்கு அது ஒத்துவருமா என்று பார்க்க நாற்பது பேரைப் பிடித்திருக்கிறார்கள். ஒரு மாதம். போனும் பயண அட்டையும் அவர்களுடையது. எங்கே போனேன், எங்கே குழம்பினேன் என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

“எதுக்கும்மா இவ்ளோ பாடு?” என்றேன்.

“ஊர்ல காரும் பைக்கும் குறையணும் ஐயா. ஊரு கொஞ்சம் மூச்சு விடணும்.”

“நாங்க ரிக்‌ஷா மிதிச்சப்போ ஊரு நல்லாத்தான் மூச்சு விட்டுது. எங்களுக்குத்தான் வாங்கிச்சு.”

சிரித்தார். பிறகு, என் பேரை எழுத மாட்டோம் என்றார். நான் பதினேழாம் எண்ணாம். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாதாம். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஊர்ப் பெயர் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் வைத்திருக்கிறார்கள். படத்தை அமுக்கினால் அந்த இடத்துக்கு வழி சொல்லும். மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஊசி, ரேஷன் கடைக்கு மூட்டை என்று கேட்டார்களாம். நான் கேட்டது: வீட்டுக்குக் கிளிஞ்சல். வியாசர்பாடிக்குக் கோலிக்குண்டு. கண்ணகி நகருக்குப் புளியங்கொட்டை. விம்கோ நகருக்கு இரும்பு நட்டு. சின்னமலைக்கு ஓட்டுச் சில்லு.

“ஓட்டுச் சில்லுன்னா?”

“கூரை ஓடு ஒடைஞ்சா வர்ற துண்டும்மா.”

“ஏன் ஐயா இதெல்லாம்?”

“சும்மா, அடையாளத்துக்கு” என்றேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

கோலிக்குண்டை அமுக்கினேன். ஒரு பெண் குரல், “முந்நூறு மீட்டர் நடக்கவும்” என்றது. எந்தப் பக்கம் என்று கேட்டேன். பதில் இல்லை. பெரும்பாக்கம் எட்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் எந்தப் பக்கம் நடந்தாலும் முந்நூறு மீட்டர்தான்.

பஸ்ஸில் வேளச்சேரி. அங்கிருந்து பறக்கும் ரயில். “கடற்கரை நிலையம் வரை அமர்ந்திருக்கவும்” என்றது குரல். சிந்தாதிரிப்பேட்டையில் வண்டி நின்றது, எல்லோரும் இறங்கிவிட்டார்கள். குரலோ, “உங்கள் நிலையம் இன்னும் வரவில்லை” என்றது. நானும் உட்கார்ந்திருந்தேன். வண்டி பெருக்க வந்த அம்மா, “இன்னா தாத்தா, ஷெட்டுக்கு வர்றியா?” என்றாள்.

“கடற்கரை போவணும்மா.”

“அங்க தண்டவாளம் நோண்டிப் போட்டு ஆறு மாசமாவுது. யாரு சொன்னது உனுக்கு?”

போனைக் காட்டினேன். “அத்த ஷெட்டுக்கு அனுப்பிட்டு நீ எறங்கு” என்றாள்.

கிளிஞ்சலை அமுக்கித் திரும்பி வந்தேன். வந்ததும் குரல், இன்றைக்கு நான் ஊருக்கு இவ்வளவு புகை மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்று பாராட்டியது. பீடியைத் தவிர நான் எப்போது புகை விட்டேன் என்று விளங்கவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

சுகந்தியம்மா ரயில் விஷயத்தைத் திருத்திவிட்டார். இன்று பஸ்ஸில் சென்ட்ரல், அங்கிருந்து இன்னொரு பஸ். என்னோடு ரிக்‌ஷா மிதித்த மஸ்தான் வீட்டுக்கு நான் கடைசியாகப் போனது அவன் மகனுக்கு மீசை அரும்பின காலத்தில். இப்போது அந்த மகனுக்கு மீசை நரைத்திருக்கிறது. மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும், “கிளிஞ்சல் சாச்சாவா?” என்றான்.

“உங்கத்தா இருக்காராப்பா?”

“அத்தா மவுத்தாயி ஏழு வருசம் சாச்சா. உங்களுக்குச் சொல்லி அனுப்ப அட்ரஸ் இல்ல.”

டீ வாங்கித் தந்தான். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டான். அத்தாவைக் கூட்டிக்கொண்டு ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது என்றேன். வரும்போது கோலிக்குண்டு படத்தை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

எங்கும் போகவில்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மருமகள் கஸ்தூரிக்கு அரிசி புடைத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

புளியங்கொட்டை. கண்ணகி நகர் எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் குரல் என்னைச் சோழிங்கநல்லூர் வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தது. அப்படிப் போனால் ஏழு நிமிடம் மிச்சமாம். முன்னால் போவதற்குப் பின்னால் போகச் சொல்கிறது இந்தப் பெண். ரிக்‌ஷாவில் இப்படிச் சுற்றினால் சவாரி எங்களைச் செருப்பால் அடித்திருக்கும்.

எங்களோடு ரிக்‌ஷா மிதித்த முனிரத்தினம் கொரோனாவில் போய்விட்டான். இரண்டாம் அலையில். ஆஸ்பத்திரியிலிருந்தே கொண்டுபோய்விட்டார்களாம், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று அவன் பெண்சாதி அழுதாள். என் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் இத்தனை வருடம் இருந்திருக்கிறான். நான் போகவில்லை. வழி தெரியாமல் போகாமல் இருக்கவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் சுகந்தியம்மா போன் செய்தார். “ஐயா, மத்த இடத்தையெல்லாம் அமுக்குறீங்க. அந்த ஓட்டுச் சில்லை மட்டும் தொடவே இல்லையே? அதுல ஏதாவது பிரச்சினையா?”

அந்தப் படம் சில நேரம் மறைந்துவிடுகிறது என்றேன்.

“இங்க நல்லாத்தானே தெரியுது?”

உங்களுக்குத் தெரியும், எனக்கு மறைந்துவிடுகிறது என்றேன்.

பிப்ரவரி 14, புதன்

இன்று பயணம் இல்லை. படங்கள் என்ன என்று சுகந்தியம்மா மறுபடி கேட்டதால் சொல்கிறேன்.

எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் எங்கள் ரிக்‌ஷா ஸ்டாண்டு. கையால் இழுக்கிற வண்டியை அரசாங்கம் நிறுத்தி சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்த காலத்திலிருந்து ஐந்து பேர். ஒருத்தனுக்கும் எழுத்து கிடையாது. அதனால் முறை வைக்க ஒரு வழி வைத்திருந்தோம். சுவரோரம் ஒரு செங்கல் விளிம்பு. அதில் ஆளுக்கொரு சாமான் வரிசையாக இருக்கும். மஸ்தானுக்குக் கோலி, முனிரத்தினத்துக்குப் புளியங்கொட்டை, தனகோட்டிக்கு நட்டு, ஆரோக்கியத்துக்கு ஓட்டுச் சில்லு, எனக்குக் கிளிஞ்சல். கூப்பிடுவதும் அப்படித்தான். டேய் நட்டு, டேய் சில்லு.

முதலில் இருக்கிற சாமான்காரன் சவாரி எடுப்பான். கிளம்பும்போது தன் சாமானை எடுத்துக் கடைசியில் வைத்துவிட்டுப் போவான். அடுத்தவன் சாமானைத் தொடக் கூடாது. தொட்டவன் கையை உடைப்போம் என்று பேச்சு. முறைத் தகராறு வந்தால், ஒற்றை ஆள் பேச்சு செல்லாது. வரிசையில் இருக்கிற இன்னொருவன் பக்கத்தில் வந்து நின்று ‘ஆமாம்’ சொல்ல வேண்டும்.

இந்திரா அம்மா செத்த மறு வருடம், கார்த்திகை மழை. ஊரே தண்ணீர். ரயிலை விட்டு ஒரு அம்மா தகரப் பெட்டியோடு இறங்கினார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த புடவை, நகை, எல்லாம் அந்தப் பெட்டிக்குள். சில்லு முதலில் இருந்தது. ஆரோக்கியம் டீ குடிக்கப் போனவன், மழை வலுத்ததும் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டான். யாரோ ஒருத்தன் அந்தச் சவாரியை எடுத்தான். தலையில் கோணி போட்டிருந்ததால் அந்த அம்மாவுக்கு முகம் தெரியவில்லை. ரயில்வே பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீரில் சக்கரம் குழியில் இறங்கி, வண்டி சாய்ந்து, பெட்டி போய்விட்டது. அம்மாவைக் கரையேற்றிவிட்டு அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டான்.

மறுநாள் போலீஸ் வந்து யார் சவாரி என்று கேட்டார்கள். எல்லோரும் செங்கல் விளிம்பைப் பார்த்தார்கள். சில்லு கடைசியில் இருந்தது. அப்படியென்றால் போனது ஆரோக்கியம். அவன் இல்லை இல்லை என்றான். அவன் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. மூன்று நாள் கழித்து விட்டார்கள். முழங்கால் போய்விட்டது. பிறகு அவன் மிதிக்கவே இல்லை. திருட்டுப் பயல் என்று ஸ்டாண்டில் அவன் சில்லைச் சாக்கடையில் எறிந்தார்கள்.

அவ்வளவுதான் கதை. படங்களுக்கு அர்த்தம் கேட்டீர்கள், சொன்னேன்.

பிப்ரவரி 17, சனி

நட்டு. வேளச்சேரி வந்து, கிண்டி வந்து, மெட்ரோ. கிண்டியை அடுத்து சின்னமலை. அங்கே ரயில் மேலே ஓடுகிறது, சன்னலில் மாதா கோயில் பக்கத்து வீட்டுக் கூரையெல்லாம் தெரியும். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தவர், “பெரியவரே, போன் தலகீழா இருக்கு” என்றார்.

விம்கோ நகரில் மாடிப்படி எந்தப் பக்கம் இறங்கினாலும் வேறு தெருவில் விடுகிறது. மூன்று முறை ஏறி இறங்கினேன். “வழி மாறிவிட்டீர்கள், வழி மாறிவிட்டீர்கள்” என்று குரல் கத்த, சுண்டல் விற்கிறவர், “உன் பொண்ணா தாத்தா, இப்டி திட்டுது?” என்றார்.

தனகோட்டி உயிரோடு இருக்கிறான். மகள் வீட்டில், சக்கர நாற்காலியில். சர்க்கரையில் ஒரு கால் எடுத்தாகிவிட்டது.

“டேய் கிளிஞ்சலு! நீ இன்னும் சாவலியா?”

“உன் முறை முடியட்டும்னு இருக்கேன்.”

சிரித்துச் சிரித்து இருமினான். மகள் வெந்நீர் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். நான் வந்த விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். ஆரோக்கியம் மேல் தப்பில்லை, அன்றைக்கு வரிசை மாறியிருந்தது, அதை அவன் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும், ஒற்றை ஆள் போனால் செல்லாது, நீ வந்து பக்கத்தில் நில் என்றேன். எப்படி மாறியது என்று மட்டும் சொல்லவில்லை.

அவன் வெந்நீரை ஆற்றிக்கொண்டே, “சில்லை நீதானடா நகத்துன” என்றான்.

கையிலிருந்த போனைக் கீழே வைத்தேன்.

“எதிர்க் கடை தாழ்வாரத்துல நின்னுனு இருந்தேன். பாத்தேன். உன் கிளிஞ்சலை நகத்துனா முறை தாண்டுனது தெரிஞ்சிடும்னு, அவன் சில்லைத் தூக்கிக் கடைசில வெச்ச. வெச்சிட்டு அந்தம்மா பொட்டியத் தூக்குன.”

“அப்போ ஏன்டா சொல்லல?”

“நீயே சொல்லுவேன்னு பாத்தேன்.”

“அவன் கால் போச்சேடா.”

“அதான், அப்புறம் எப்டிச் சொல்றது? ஏன்டா மொதல்லயே சொல்லலன்னு கேப்பாங்களே. உனக்கு ஒரு பயம், எனக்கு ஒரு பயம்.”

சவாரி முடித்து வந்து சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் அன்று நகர்த்தினேன். இதைச் சொன்னேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “அடுத்த ஞாயித்துக்கெழம வா. ரெண்டு பேரும் போலாம். ஆரோக்கியம் இருக்கானா?” என்றான்.

இல்லை. இந்திரா அம்மாவுக்கு மூன்று வருடம் பின்னால் பெரிய தலைவர் செத்து ஊர் அடைத்துக் கிடந்ததே, அதற்குப் பத்து வருடம் கழித்துச் செத்தான். மகள் ஃபிலோமினா சின்னமலைக் கோயிலுக்குப் பின்னால் தையல் தைக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும்.

சுகந்தியம்மா, இதையும் எழுதிவிடுங்கள். எண்தானே போடுவீர்கள்?

பிப்ரவரி 19, திங்கள்

சுகந்தியம்மா அந்தச் சங்கதியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. சக்கர நாற்காலியோடு போக வழி வேண்டும் என்றேன். உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார். எந்த நிலையத்தில் லிஃப்ட் எந்த மூலையில், எந்த நடைபாதை உடைந்திருக்கிறது, எங்கே இறங்கி ஆட்டோ பிடிப்பது, எல்லாம்.

“இவ்ளோ விசயம் இதுக்குத் தெரியுமா?”

“தெரியும் ஐயா. நாமதான் சரியாக் கேக்கணும்.”

பிப்ரவரி 22, வியாழன்

வெள்ளைச் சட்டை துவைத்தேன். கஸ்தூரி, “மாமா, யாருக்குப் பொண்ணு பாக்கப் போறீங்க?” என்றாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

குரல் இன்று ஓர் இடத்திலும் தவறவில்லை. பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. ரயில் வந்தது. விம்கோ நகரில் சரியான படியில் இறங்கினேன். இத்தனை நாளில் ஒருமுறைகூட இப்படி நேராகப் போய்ச் சேர்ந்ததில்லை.

தெருவில் ஷாமியானா. சிவப்பு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தனகோட்டி வெள்ளிக்கிழமை விடிகாலையில் போய்விட்டானாம். நேற்று எடுத்துவிட்டார்கள்.

மகள், “ஞாயித்துக்கெழம ஃப்ரெண்டு வருவான், சட்டைய அயர்ன் பண்ணி வையின்னாரு மாமா” என்றாள். சட்டை கொடியில் தொங்கியது.

திரும்பும்போது கிளிஞ்சலை அமுக்க மறந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 26, திங்கள்

இல்லை.

பிப்ரவரி 28, புதன்

ஓட்டுச் சில்லை அமுக்கினேன். கிண்டியில் மெட்ரோ ஏறினேன். ஒரே நிலையம். கதவு திறந்தது. கால் எழவில்லை. கதவு மூடிக்கொண்டது. “நீங்கள் இறங்க வேண்டிய நிலையத்தைக் கடந்துவிட்டீர்கள். புதிய வழி தேடப்படுகிறது” என்றது. அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர் வண்டி ஏறச் சொன்னது. ஏறினேன். மறுபடி சின்னமலை. மறுபடி கடந்தேன். புதிய வழி தேடப்படுகிறது என்றது. அலுக்காமல் தேடுகிறது. இப்படி நான்கு முறை போய் வந்து, கடைசியில் ஒரு காவலாளி கையைப் பிடித்து, “பெரியவரே, எங்க போவணும்?” என்றார்.

தெரியவில்லை என்றேன். சுகந்தியம்மா, அது பொய். அவர் என்னை மறதிக்காரன் என்று நினைத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எனக்கு எதுவும் மறக்கவில்லை. அதுதான் தொந்தரவு.

மார்ச் 2, சனி

நாளைக்கு மறுநாள் போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார் சுகந்தியம்மா. அறிக்கையில் என் நான்கு முறைப் பயணம் செயலியின் கோளாறு என்று விழுந்திருக்கிறதாம். “அப்படியே விட்டுடவா ஐயா?” என்றார்.

கோளாறு இல்லை என்று எழுதுங்கள் என்றேன். ஒருத்தன் செய்ததை இன்னொன்றின் தலையில் வைக்க வேண்டாம்.

மார்ச் 3, ஞாயிறு

இதைச் சின்னமலையில் இருந்து பேசுகிறேன். எதிரில் ஃபிலோமினா உட்கார்ந்திருக்கிறாள்.

இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன், பின்னால் வந்தவர் இடித்துத் தள்ளிவிட்டார், அதுவும் உதவிதான். “இருநூறு மீட்டர் நடக்கவும்” என்றது. நடந்தேன். “உங்கள் இலக்கை அடைந்துவிட்டீர்கள்” என்று அவள் வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டது. தையல் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றி அப்படியே ஆரோக்கியம்.

“யாரு வேணும்?”

“எழும்பூர் ரிக்‌ஷா ஸ்டாண்டுலேர்ந்து வரேம்மா.”

உள்ளே வா என்று சொல்லவில்லை. “முப்பத்தொம்போது வருசம் கழிச்சா?” என்றாள்.

நின்றபடியே சொன்னேன். மழை, பெட்டி, சில்லு, என் கை. கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊசியில் கோத்த நூலை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுத்துவிட்டது. முடித்ததும், “எங்கப்பா பன்னெண்டு வருசம் இந்த வாசல்ல கால நீட்டினு உக்காந்திருந்தாரு. ரோட்ல ரிக்‌ஷா மணி கேட்டா நிமிந்து பாப்பாரு. யாருனா வந்து சொல்லுவாங்கன்னு. அம்மாகூடக் கடைசில நம்பல. பொட்டிய எங்க வெச்சன்னுதான் கேட்டுது” என்றாள்.

நான் பையிலிருந்து ஓட்டுச் சில்லை எடுத்தேன். சாக்கடையிலிருந்து அன்றைக்கே எடுத்து வைத்திருந்தது. கிளிஞ்சலையும் எடுத்தேன். அவள் இரண்டையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அன்னிக்கி எது மொதல்ல இருந்துச்சு?”

“சில்லு.”

“வைங்க.”

வாசற்படியில் சில்லை முதலில் வைத்தேன், கிளிஞ்சலை அதன் பின்னால் வைத்தேன். குனிந்தவனுக்கு நிமிர முடியவில்லை. அவள் கை கொடுக்கவில்லை. ஒரு முக்காலியை மட்டும் காலால் என் பக்கம் தள்ளினாள்.

“மன்னிப்புன்னு எதுனா கேக்க வந்திருந்தா, அது எங்கிட்ட இல்ல. அவரு எடுத்துனு போயிட்டாரு.”

“ஒத்த ஆளு பேச்சு செல்லாதும்மா. அதான் சாட்சி தேடினு அலைஞ்சேன்.”

“கெடச்சாங்களா?”

தனகோட்டியைச் சொன்னேன். சட்டை கொடியில் தொங்கியதைச் சொன்னேன். நேரம் போனது. யாரோ ஜாக்கெட் வாங்க வந்தார்கள், நாளைக்கு வா என்று அனுப்பினாள். பிறகு என் கையிலிருந்த போனைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டாள். தினம் பேசுகிறேன், ஓர் அம்மா எழுதிக்கொள்கிறார்கள் என்றேன்.

“எழுத்துல இருக்குமா?”

“இருக்கும்.”

“அப்போ அதுல சொல்லுங்க. என் எதிர்ல. பக்கத்துல நிக்க ஆளு இல்லன்னா எழுத்து நிக்கட்டும். அந்த ஸ்டாண்டுல இப்போ உயிரோட இருக்கறது யாருன்னும் சொல்லுங்க.”

சொல்கிறேன். சுகந்தியம்மா, பதினேழு என்று போட வேண்டாம். விதிமுறை ஒத்துக்கொள்ளாது என்றால் விதிமுறையிடம் நான் பேசுகிறேன். இதை மட்டும் அப்படியே எழுதுங்கள்.

அந்த மழையில் சவாரி எடுத்தது ஆரோக்கியம் இல்லை. பெட்டியை ஆரோக்கியம் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவனுடைய சில்லை நகர்த்தினது வேறு கை. வரிசையில் ஐந்து பேர். கோலி மஸ்தான் இல்லை. புளியங்கொட்டை முனிரத்தினம் இல்லை. நட்டு தனகோட்டி இல்லை. சில்லு ஆரோக்கியம் இல்லை. கிளிஞ்சல்காரன் இருக்கிறான். சில்லை நகர்த்தினவன் அவன்தான்.

பேர் வடமலை.